பம்பு இஞ்சினின் தடுமாற்றமும் கேஸ்கெட் மாற்றும் முறையும்

செங்கற்பட்டு ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று போகங்களும் ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பியே நடைபெறுகின்றன. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மின்சார மோட்டார்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும், மின்கம்பி எட்டாத வயலிலும், வாய்க்காலிலும், குட்டையிலும் நீரை இறைப்பதற்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாற்றங்காலில் தேங்கிய வெள்ளத்தை வெளியே தள்ளுவதற்கும், தூக்கிச் செல்லத்தக்க சிறிய பெட்ரோல் இஞ்சினே உதவுகிறது. சுமார் 5 குதிரைச் சக்தியும், 2 அல்லது 3 அங்குலக் குழாயும் உடைய இத்தகைய பம்பு பல குடும்பங்களிலும் கிராமப் பஞ்சாயத்துகளிலும் இருக்கிறது.

இவ்வியந்திரத்திற்கு ஆண்டில் பத்து மாதம் ஓய்வும் இரண்டு மாதம் அவசரமுமே வாழ்க்கையாகும். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் செங்கற்பட்டையும் வெள்ளக்காடாக்கியது. இவ்விரண்டும் நவரைக்கு நாற்று விடும் காலத்திலேயே நேர்ந்தன. அவ்வேளைகளில் பம்பு கிளம்பினால் நாற்று பிழைக்கும். கிளம்பாவிடில் விதையும் உழைப்பும் பருவமும் ஒருங்கே நஷ்டமாகும். ஆகையால், கிளம்புகிறது ஆயினும் தடுமாறுகிறது என்ற நிலையில் உள்ள இஞ்சினை மழைக்கு முன்னரே சீர்செய்து கொள்ளுதல் விவேகமுள்ள குடியானவரின் கடமையாகும். அத்தடுமாற்றத்தின் காரணம் பல சமயங்களில் காகிதம் போன்ற ஒரு சிறு கேஸ்கெட்டே என்பதும், அதனை வீட்டுத் திண்ணையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

நோயின் குறிகள்

இஞ்சினுக்கு வேலை கொடாமல், மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவதை மெதுவோட்டம் என்று கொள்வோம். மெக்கானிக்குகள் இதனை ஐடிலிங் என்பர். இவ்வகைச் சிறு இஞ்சின்கள் பலவற்றில் மெதுவோட்டம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 1,400 சுற்றுகளாகும். நல்ல இஞ்சின் அவ்வேகத்தில் ஒரே சீராக ஓடும். கேஸ்கெட் கெட்ட இஞ்சினில் பின்வரும் குறிகள் தோன்றும்.

முதலாவது, வேகம் தானே ஏறியும் இறங்கியும், மூச்சு வாங்குவது போல ஓடும். இரண்டாவது, சோக்கைப் பாதி மூடினால் ஓட்டம் சீராகி, முழுதும் திறந்தால் மறுபடியும் தடுமாறும் அல்லது நின்றுவிடும். மூன்றாவது, முழு வேகத்தில் நீர் இறைக்கும்போது குற்றம் அவ்வளவாகத் தெரியாது. வேகத்தைக் குறைத்தவுடன் அணையும். நான்காவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை இளம் பழுப்பாக இல்லாமல் வெளுத்துக் காணப்படும்.

இதன் காரணம்

பெட்ரோல் எரிவதற்கு அதனுடன் காற்று ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலக்க வேண்டும். கலப்பற்ற பெட்ரோல் 1 கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இக்கலவையை அளந்து தருவது கார்புரேட்டர். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே உள்ள இணைப்பு காற்றுப் புகாதபடி அடைபட்டிருத்தல் வேண்டும். அவ்வடைப்பே கேஸ்கெட்.

மெதுவோட்டத்தில் கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை உறிஞ்சும்; வழியோ அடைபட்டிருக்கும். எனவே, தட்டுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட பாதையில் உறிஞ்சும் வலிமை மிகும். வாயை மூடிய குப்பியில் உறிஞ்சினால் கன்னம் உள்வாங்குவது போன்றது இது. அவ்விடத்துக் கேஸ்கெட்டில் மயிரிழை அளவு பிளவிருந்தாலும், அதன் வழியே வெளிக்காற்று பாய்ந்து உட்புகும். அது கார்புரேட்டரால் அளக்கப்படாத காற்று. அதற்குரிய பெட்ரோல் அதனுடன் வருவதில்லை. கலவை நீர்த்துப்போய், சில வீச்சுகளில் எரிந்தும் சிலவற்றில் எரியாமலும் போகிறது. முழு வேகத்தில் தட்டு திறந்திருப்பதால் உறிஞ்சும் வலிமை குறைகிறது. கார்புரேட்டர் வழியாக வரும் காற்றோ மிக அதிகம். அப்பெருங்காற்றில் பிளவுக் காற்று சொற்பப் பங்கேயாதலால் குற்றம் மறைகிறது.

வேகம் ஏறி இறங்குவதற்குக் காரணம் கவர்னர். கலவை நீர்த்து வேகம் குறைந்தவுடன் கவர்னர் தட்டைத் திறக்கிறது. திறந்தவுடன் கலவை தேறி வேகம் ஏறுகிறது. ஏறியவுடன் கவர்னர் தட்டை மூட, பழைய நிலையே திரும்புகிறது. ஆகையால் கவர்னரின் வில்லைக் குற்றவாளியாகக் கருதி அதனை வளைப்பதும் இழுப்பதும் தகாது.

2025ஆம் ஆண்டில் நம் தேசத்தில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. இக்கலப்பு எரிபொருள் 1 கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். அதாவது அதே காற்றுக்கு முன்னிலும் சற்று அதிக எரிபொருள் வேண்டும். தனிப் பெட்ரோலுக்கென அமைந்த பழைய கார்புரேட்டரில் கலவை இதனாலேயே சிறிது நீர்த்திருக்கும். முன்னர் பொறுத்துக்கொண்ட சிறு பிளவு இப்போது தடுமாற்றமாக வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தகாத பரிகாரங்கள்

இஞ்சின் தடுமாறினால் பலரும் செய்வது மூன்று. மெதுவோட்டத் திருகாணியை உள்ளே முறுக்கி வேகத்தை ஏற்றுவர். சோக்கைப் பாதி மூடிக் கம்பியால் கட்டிவைப்பர். அல்லது முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடுவர். முதலாவதனால் குற்றம் மறையுமேயன்றித் தீராது. இரண்டாவதனால், முழு வேகத்தில் பெட்ரோல் வீணாகச் செலவாகிப் பிளக்கும் கரியேறும். மூன்றாவதே மிகவும் கேடு. நீர்த்த கலவை சூடாக எரிவதால் எக்ஸாஸ்ட் வால்வு நாளடைவில் எரிந்து தேயும். அன்றியும், பிளவு காற்று வடிகட்டிக்கு அப்பால் இருப்பதால், அவ்வழியே புகும் தூசியைத் தடுப்பார் இல்லை. அத்தூசி சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அரைக்கும். அற்ப விலையுள்ள கேஸ்கெட்டை மாற்றாமல் விட்டவர் கடைசியில் சிலிண்டரையே மாற்ற நேரிடும்.

சோதித்து அறியும் முறை

கேஸ்கெட்டைக் கழற்றுவதற்கு முன், குற்றம் அங்கேயே உள்ளது என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். முதலில் எளியவற்றைப் பார்க்க. பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றுக. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க. பிளக்கைத் துடைத்து மாட்டுக. கார்புரேட்டரைத் தாங்கும் நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று ஸ்பேனரால் பார்க்க. நட்டுகளை இறுக்கிய மாத்திரத்திலேயே இஞ்சின் சீராவதும் உண்டு.

பின்னும் தடுமாற்றம் தொடர்ந்தால், இஞ்சினைத் திறந்த வெளியில் மெதுவோட்டத்தில் விடுக. கெட்டியான சோப்பு நுரையை ஒரு சிறு தூரிகையில் எடுத்து, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடைப்பட்ட இணைப்பைச் சுற்றி, ஒவ்வொரு பக்கமாகத் தடவுக. பிளவுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும்; அக்கணமே இஞ்சினின் ஓசை மாறும். நுரைக்குப் பதிலாக இரண்டு சொட்டு இஞ்சின் எண்ணெயும் விடலாம். அது பிளவைச் சற்று நேரம் அடைப்பதால் ஓட்டம் சில வினாடி சீராகும். பெட்ரோலையோ, தீப்பற்றும் ஸ்பிரேக்களையோ இதற்கு உபயோகித்தல் கூடாது. அருகிலேயே சூடான எக்ஸாஸ்ட் இருப்பதால் தீ விபத்து நேரும்.

நுரை தடவியும் ஓசை மாறவில்லையாயின், பெரும்பாலும் மெதுவோட்டத்திற்குரிய சிறு ஜெட் அடைபட்டிருக்கும். அதுவும் கலவையை நீர்க்கச் செய்து இதே குறிகளைக் காட்டும். ஆதலால் இச்சோதனை இன்றிக் கேஸ்கெட் மாற்றுதல் வீண் வேலையாய் முடியலாம்.

வேண்டிய சாமான்கள்

10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று, திருப்புளி ஒன்று, மூங்கில் சிம்பு அல்லது மொண்ணையான பிளாஸ்டிக் துண்டு, சுத்தமான துணி, கண்ணாடிக் குப்பி, இஞ்சினின் மாடலுக்குரிய கேஸ்கெட் தொகுதி ஆகியவை போதும். கேஸ்கெட் வாங்கும்போது இஞ்சினின் மாடல் எண்ணைக் கடையில் காட்டுக. முடிந்தால் பழைய கேஸ்கெட்டையே கொண்டுபோய்த் துளைகள் ஒத்திருக்கின்றனவா என்று வைத்துப் பார்த்து வாங்குக. பல இஞ்சின்களில் சிலிண்டர் தலையிலிருந்து வெளிப்புறமாக, ஒரு கேஸ்கெட், வெப்பத்தைத் தடுக்கும் கறுப்பு இன்சுலேட்டர் கட்டை, மற்றொரு கேஸ்கெட், கார்புரேட்டர், மூன்றாவது கேஸ்கெட், காற்று வடிகட்டி என்ற வரிசையில் இரண்டு ஸ்டட்களின் மேல் கோக்கப்பட்டிருக்கும். தடுமாற்றத்திற்குக் காரணமாவன முதல் இரண்டு கேஸ்கெட்டுகளே. ஆயினும் கழற்றிய பின் மூன்றையும் மாற்றுவதே சிக்கனம்.

மாற்றும் முறை

1. இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிடுக. பெட்ரோல் குழாயின் அடைப்பானை மூடி, பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுக. அருகில் பீடி, விளக்கு, அடுப்பு ஆகியவை இருத்தல் கூடாது.

2. கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்க. குப்பியின் அடியில் நீர் தங்கினால் டாங்கியையும் சுத்தம் செய்ய வேண்டும்.

3. காற்று வடிகட்டியின் மூடி, பஞ்சு, உடல் ஆகியவற்றை முறையே கழற்றுக. அதனுடன் இணைந்த மூச்சுக் குழாயை மெதுவாக உருவுக.

4. கவர்னரிலிருந்து வரும் மெல்லிய கம்பியும் வில்லும் எந்தெந்தத் துளையில் மாட்டியுள்ளன என்பதைக் கவனிக்க. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. துளை மாறினால் இஞ்சின் வரம்பு மீறி ஓடும்.

5. பெட்ரோல் ரப்பர்க் குழாயை உருவி, கார்புரேட்டரை ஸ்டட்களின் வழியே வெளியே இழுத்து, சற்றுச் சாய்த்துக் கம்பியிலிருந்து விடுவிக்க. கேஸ்கெட்டையும் இன்சுலேட்டரையும், எந்த முகம் எப்பக்கம் இருந்ததோ அவ்வாறே, வரிசை குலையாமல் துணியின்மேல் பரப்புக.

6. சிலிண்டர் தலையின் துவாரத்தில் துணியைச் செருகியபின், ஒட்டியுள்ள பழைய கேஸ்கெட்டை மூங்கில் சிம்பால் சுரண்டுக. அரிவாள், கத்தி, உளி ஆகியவற்றால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும். அக்கீறலே புதிய பிளவாகும். மிகப் பழைய இஞ்சினாயின் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனை நீரில் நனைத்தே சுரண்டுக. தூள் மூச்சில் புகுதல் தீங்காகும்.

7. கார்புரேட்டரின் முகத்தின் மேல் ஒரு இரும்பு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க. நடுவில் ஒளி தெரிந்தால், நட்டை மிகையாக இறுக்கியதால் முகம் வளைந்துள்ளது. ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் 400ஆம் எண் உப்புத்தாளை வைத்து, முகத்தை மெதுவாக எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்துச் சமன் செய்க. பின்னர்த் தூளைப் பெட்ரோலால் கழுவுக. இன்சுலேட்டரில் விரிசல் இருந்தால் புதியதே போடுக.

8. புதிய கேஸ்கெட்டுகளை உலர்ந்தபடியே வைக்க. பசையும் சிலிக்கோன் மெழுகும் வேண்டுவதில்லை; பெட்ரோல் பட்டு மெழுகு பிரிந்து ஜெட்டை அடைக்கும். கேஸ்கெட்டில் உள்ள சிறு துளைகளும் கார்புரேட்டரின் துளைகளும் நேர்ப்பட வேண்டும். தலைகீழாக வைத்தால் காற்றுவழி மூடப்படும்.

9. யாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுக. இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. சிறிய ஸ்பேனரை மணிக்கட்டின் பலத்தால் திருப்பும் அளவே போதும். முழுக்கையின் பலம் வேண்டா.

10. செருகிய துணியை எடுத்தாயிற்றா என்று இறுதியாக மாட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்க. மாட்டிய பின் பெட்ரோலைத் திறந்து ஒழுக்கு உண்டா என்று கவனித்து, இஞ்சினைக் கிளப்புக. ஐந்து நிமிஷம் ஓடிச் சூடான பிறகு சோப்பு நுரைச் சோதனையை மீண்டும் செய்க. அதன் பின்னரே மெதுவோட்டத் திருகாணியைச் சரிசெய்க. இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்து ஆறியபின் நட்டுகளை ஒருமுறை பார்க்க.

கேஸ்கெட் கிடைக்காவிடில்

மழை இரவில் கடை திறந்திராது. அவசரத்திற்குக் கேஸ்கெட் தாளை வெட்டி உபயோகிக்கலாம். சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள, பெட்ரோல் தாங்கும் தாளாக இருத்தல் வேண்டும். பழைய கேஸ்கெட்டை மாதிரியாக வைத்து வரைந்து, முதலில் ஸ்டட் துளைகளையும் பிறகு நடுத் துவாரத்தையும் வெட்டி, கடைசியில் வெளிவிளிம்பை வெட்டுக. நடுத் துவாரத்தின் விளிம்பு காற்றுவழிக்குள் நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. காலண்டர் அட்டை, சினிமா நோட்டீசு, சைக்கிள் டியூப் ஆகியவை பெட்ரோலில் ஊறிக் கரைந்தோ உப்பியோ கெடும், அவற்றை விலக்குக.

கடற்கரைக் கிராமங்கள் கவனிக்க வேண்டியவை

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மணற்பாங்கான கிராமங்களில் இக்குற்றம் விரைவில் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உப்புக்காற்று ஈரத்தை ஈர்த்து, அலுமினிய முகங்களில் வெண்பூப் போன்ற அரிப்பை உண்டாக்குகிறது. அரிப்பு கேஸ்கெட்டை உயர்த்திப் பிளவைத் தருகிறது. அன்றியும், மணலில் நிறுத்திய பம்பு ஓடும்போது ஆடுவதால் நட்டுகள் தளர்கின்றன. ஆகையால் பம்பைப் பலகையின் மேல் நிறுத்துக. வேலை முடிந்தபின் இஞ்சின் ஆறியதும் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துக. ஸ்டட்களின் மரையில் சிறிது கிரீஸ் தடவினால் நட்டு துருவேறிச் சிக்காது. கேஸ்கெட்டின் மேல் கிரீஸ் படலாகாது.

மற்ற இஞ்சின்கள்

டீசல் இஞ்சினுக்கு மேற்சொன்ன காரணம் பொருந்தாது. அதில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே செலுத்தும் எண்ணெயின் அளவேயன்றிக் காற்றின் அளவன்று. எனவே டீசல் இஞ்சின் மெதுவோட்டத்தில் தடுமாறினால், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்ததா, வடிகட்டி அடைபட்டதா, இஞ்செக்டர் கெட்டதா என்றே பார்க்க வேண்டும். ஆயினும் அதன் காற்றுவழிக் கேஸ்கெட் பிளந்தால் தூசி புகுந்து சிலிண்டர் தேயுமாதலால், அதனையும் அலட்சியம் செய்தலாகாது.

மருந்து தெளிக்கும் கருவியிலும் புல் வெட்டும் கருவியிலும் உள்ள இரண்டு வீச்சு இஞ்சினில் இக்குற்றம் மிக அபாயமானது. அதில் பிஸ்டனுக்கு வழவழப்புத் தரும் எண்ணெய் பெட்ரோலுடனேயே கலந்து வருகிறது. கலவை நீர்த்தால் எண்ணெயும் குறையும், சூடோ ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவ்வித இஞ்சின் தடுமாறத் தொடங்கிய அன்றே வேலையை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

பஞ்சாயத்தின் பொறுப்பிலுள்ள பம்புகளைப் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் நலம். முழு வேகத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து நலம் என்று எழுதிவிடுதல் போதாது. மெதுவோட்டத்தில் பத்து நிமிஷம் சோக்கின்றி ஓடுகிறதா என்பதே தக்க பரீட்சை. பம்புடன் ஒரு கேஸ்கெட் தொகுதியும், ஒரு பிளக்கும், 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒரு பையில் கட்டித் தொங்கவிடுக. கேஸ்கெட் மாற்றிய தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க. பருவம் முடிந்தவுடன் டாங்கியையும் கிண்ணத்தையும் வடித்து வைத்தால் எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்த்து ஜெட்டைக் கெடுக்கும் தொல்லையும் நீங்கும்.

மேற்கூறியவாறு செய்தும் தடுமாற்றம் தீராவிடில், வால்வு இடைவெளி மாறியிருக்கலாம், அல்லது வால்வு எரிந்திருக்கலாம். அவ்வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமோ, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ காட்டி யோசனை பெறுதல் தகும்.

சுருங்கக் கூறின், சோக்கை மூடினால் சீராகும் இஞ்சின் பெட்ரோல் போதவில்லை என்றோ, காற்று மிகுந்துவிட்டது என்றோ முறையிடுகிறது. திருகாணியைத் தொடுமுன் சோப்பு நுரையால் காற்றின் வழியைத் தேடுக. வழி அகப்பட்டால் ஒரு காலைப் பொழுதின் வேலையால் அதை அடைத்துவிடலாம். இதனை ஆவணி, புரட்டாசி மாதங்களில் செய்துவைத்தவருடைய பம்பு ஐப்பசி மழையில் காலை வாராது.